உயரத்துக்கு விலை வைக்கும் விதிகள்

கூடைப்பந்தாட்டத்தின் வளையமும் வலைப்பந்தாட்டத்தின் வளையமும் நிலத்திலிருந்து ஒரே உயரத்தில், அதாவது பத்து அடியில், ஏறத்தாழ 3.05 மீற்றரில் பொருத்தப்படுகின்றன. ஒரே வேரிலிருந்து கிளைத்த இவ்விரு ஆட்டங்களிலும் வளையத்தடியில் நிற்கும் மிக உயரமானவரே வெற்றியைத் தேடித்தருபவர் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அந்த உயரத்துக்குக் கிடைக்கும் மதிப்பு ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடுவதுடன் காலத்துக்குக் காலம் மாறியும் வந்திருக்கிறது. தெற்காசியாவில் இதற்கு அண்மைக் காலச் சான்றுகளாக அமைந்தவர்கள் பஞ்சாபின் சத்னம் சிங் பமாராவும் யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கமும் ஆவர். ஏழடி இரண்டங்குல உயரமுள்ள முன்னவர் உலகின் மிகப் பெரிய கூடைப்பந்துத் தொடரின் வாசல்வரை சென்று உள்ளே கால்வைக்காமல் திரும்பினார். ஏழடியை நெருங்கும் பின்னவர் உலகக் கிண்ணப் போட்டியொன்றில் வேறெந்த நாட்டு வீராங்கனையையும் விட அதிக கோல்களைப் போட்டார். இருவரின் திறமையையும் உழைப்பையும் ஒப்பிட்டு மட்டும் இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள முடியாது. அவரவர் ஆட்டத்தின் விதிகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டியுள்ளது.

அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் 1891 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்கென உருவாக்கியதே கூடைப்பந்தாட்டம். அது இங்கிலாந்துக்குச் சென்று, பெண்களுக்கான கல்லூரிகளில் மாற்றங்களுக்கு உள்ளாகி, வலைப்பந்தாட்டமாக உருவெடுத்தது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை அது பெண்கள் கூடைப்பந்து என்றே அழைக்கப்பட்டு வந்தது. இலங்கைக்கு அந்த ஆட்டம் பெண் சாரணியர் இயக்கத்தின் வழியாக 1921 இல் கண்டிக்கு வந்து சேர்ந்ததாக அதன் வரலாறு கூறுகிறது. கண்டிக்கு அடுத்த மாவட்டமான மாத்தளையில் இன்று பெண் பிள்ளைகளுக்கு மிகவும் பழக்கமான பந்தாட்டம் வலைப்பந்துதான் என்பதால், கூடைப்பந்தில் சென்டர் என்று குறிப்பிடப்படுபவர் யார் என்பதை அதனோடு ஒப்பிட்டு விளக்குவதே எளிது. வலைப்பந்தில் மத்திய ஆட்டக்காரர் என்பவர் கோல் அரைவட்டங்கள் தவிர மைதானம் முழுவதும் ஓடிப் பந்தைக் கடத்துபவர். அவர் உயரமாக இருக்கவேண்டிய தேவை இல்லை. ஐவர் அடங்கிய கூடைப்பந்து அணியின் சென்டரோ வளையத்தின் அருகே நின்று, குறி தவறித் திரும்பும் பந்துகளைக் கைப்பற்றி, எதிரணியினரின் எறிதல்களைத் தடுத்து, கிட்டத்திலிருந்து புள்ளி சேர்ப்பவர். வலைப்பந்தில் அவருக்கு இணையாகச் சொல்லத்தக்கவர் கோல் எய்பவரே.

கூடைப்பந்தின் வரலாற்றில் விதிகளை வகுத்தவர்கள் உயரமானவர்களோடு நெடுங்காலம் போராடியிருக்கிறார்கள் என்றால் அது மிகையாகாது. வளையத்தை நோக்கி இறங்கிவரும் பந்தை நடுவழியில் தட்டிவிட உயரமான மாணவர்கள் பழகிக்கொண்டதும், அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் 1944 இல் அது தடைசெய்யப்பட்டது. மினியாபோலிஸ் லேக்கர்ஸ் அணியின் ஜோர்ஜ் மைக்கன் வளையத்தடியில் அசைக்கமுடியாதவராக நின்றதால், தாக்கும் அணியினர் மூன்று விநாடிகளுக்கு மேல் தங்கக்கூடாத வர்ணப் பகுதியின் அகலம் 1951 இல் ஆறடியிலிருந்து பன்னிரண்டு அடியாக்கப்பட்டது. 1962 மார்ச் 2 ஆம் திகதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகளைப் பெற்ற வில்ட் சேம்பர்லேனின் காலத்தில், 1964 இல், அது பதினாறு அடியாக விரிந்தது. கரீம் அப்துல் ஜபார் என்று பின்னாளில் பெயர் மாற்றிக்கொண்ட லூ அல்சின்டர் கல்லூரியில் ஆடியபோது, பந்தை வளையத்துக்குள் கையால் அழுத்திப் போடும் டங்க் முறையே 1967 இல் கல்லூரிப் போட்டிகளில் விலக்கப்பட்டு, 1976 வரை விலக்கப்பட்டதாகவே இருந்தது. இத்தனைக்குப் பிறகும் சென்டர்களின் செல்வாக்குக் குறையவில்லை. பொஸ்டன் அணியின் பில் ரசல் பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டங்களை வென்றதும் இதே காலத்தில்தான். அவர்களுடைய செல்வாக்கை உண்மையில் அசைத்தது தடைவிதி எதுவுமன்று, 1979 இல் என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் வரையப்பட்ட ஒரு கோடு. வளையத்திலிருந்து ஏறத்தாழ 7.24 மீற்றர் தொலைவில் வளைந்து செல்லும் அக்கோட்டுக்கு வெளியிலிருந்து போடப்படும் பந்துக்கு இரண்டுக்குப் பதிலாக மூன்று புள்ளிகள் வழங்கப்படுகின்றன. அதன் முழு விளைவும் புலப்படுவதற்கு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. சத்னம் சிங் வந்து சேர்ந்தது அந்த வேளையில்.

பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்னும் சிற்றூரில் 1995 டிசம்பர் 10 ஆம் திகதி பிறந்த சத்னத்தின் தந்தை பல்பீர் சிங்கும் ஏழடியைத் தாண்டியவர். அவருக்கு இளமையில் கூடைப்பந்து ஆடும் வாய்ப்பு வந்தபோது, வயலில் ஆள் வேண்டும் என்று குடும்பத்தார் மறுத்துவிட்டதாகவும், அதனாலேயே மகனைத் தடுக்காமல் லூதியானாவிலுள்ள கூடைப்பந்துப் பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பியதாகவும் அவர்களுடைய கதை சொல்கிறது. 2010 இல், பதினான்கு வயதில், ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் நிறுவனத்தின் புலமைப்பரிசிலுக்குத் தேர்வான சில இந்தியச் சிறுவர் சிறுமியருள் ஒருவராக அவர் புளோரிடாவின் பிராடென்டனிலுள்ள ஐ.எம்.ஜி. அகடமிக்குப் போனபோது, அவருக்கு ஆங்கிலம் அநேகமாகத் தெரியாது. மொழியும் உணவும் பாடத்திட்டமும் ஒருங்கே மாறிய அந்த ஐந்து ஆண்டுகளைப் பெரிய முறைப்பாடின்றிக் கடந்ததே, எந்தப் புள்ளிவிபரத்திலும் இடம்பெறாவிட்டாலும், அவருடைய வாழ்வின் மிகக் கடினமான சாதனையாகக் கருதத்தக்கது.

என்.பி.ஏ. அணிகள் ஆண்டுதோறும் புதியவர்களைத் தெரிவுசெய்யும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். முப்பது அணிகளும் இரண்டு சுற்றுகளில் முறைவைத்து மொத்தம் அறுபது பேரைத் தெரிவுசெய்கின்றன. முதற் சுற்றில் தெரிவானவருக்கு உறுதியான ஒப்பந்தம் உண்டு, இரண்டாம் சுற்றில் தெரிவானவருக்கு அந்த உறுதி இல்லை. 2015 ஜூன் 25 ஆம் திகதி டலஸ் மவெரிக்ஸ் அணி 52 ஆவது தெரிவாகச் சத்னத்தின் பெயரை அறிவித்தபோது, இந்தியாவில் பிறந்து இவ்வாறு தெரிவான முதல் ஆட்டக்காரர் என்ற பெருமை அவருக்கு வாய்த்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சக்கரமென்டோ கிங்ஸ் அணிக்காக ஆடிய ஏழடி ஐந்தங்குல சிம் புல்லர் இந்திய வம்சாவளியினரில் முதல்வர் என்றாலும், அவர் கனடாவில் பிறந்து வளர்ந்தவர். செய்தித்தாள்கள் இவ்விரு முதன்மைகளையும் அடிக்கடி குழப்பிக்கொண்டன.

அந்த அறிவிப்புக்கு ஒன்பது நாட்களுக்கு முன், ஜூன் 16 ஆம் திகதி, கோல்டன் ஸ்டேட் வோரியர்ஸ் அணி பட்டத்தை வென்றிருந்தது. இறுதித் தொடரில் பின்தங்கியிருந்த அந்த அணி, நான்காவது ஆட்டத்திலிருந்து தன் ஏழடிச் சென்டர் அன்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரிலிருந்து நீக்கி, ஆறடி ஆறங்குல அன்ட்ரே இகுடாலாவை அவ்விடத்தில் சேர்த்துக்கொண்டு, வேகத்தாலும் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளிகளாலும் வென்றது. இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் இகுடாலாவுக்கே கிடைத்தது. கோட்டுக்கு வெளியிலிருந்து நால்வரோ ஐவரோ எறியக்கூடிய அணியை எதிர்கொள்ளும்போது, வளையத்தடியில் நிற்கும் கனத்த சென்டர் அவர்களைத் துரத்திக்கொண்டு வெளியே ஓடவேண்டும், இல்லையேல் அவர்கள் தடையின்றி எறிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். ஏறத்தாழ 130 கிலோகிராம் எடையுடன், கால்களின் வேகம் குறைந்தவராக மதிப்பிடப்பட்ட பத்தொன்பது வயது இளைஞருக்கு, லீக்கே உருமாறிக்கொண்டிருந்த அந்தக் கோடையைவிடப் பொருத்தமற்ற வேளை வாய்த்திருக்க முடியாது.

மாறியவர்கள் பிழைத்தார்கள். புரூக் லோபஸ் என்னும் ஏழடிச் சென்டர் தன் முதல் எட்டுப் பருவங்களில் மூன்றே மூன்று முறைதான் மூன்றுபுள்ளி எறிதலை வளையத்துக்குள் போட்டிருந்தார். 2016–17 பருவத்தில் மட்டும் 134 முறை போட்டார். 2014 டிராஃப்டில் 41 ஆவதாக, அதாவது சத்னத்தைப் போலவே இரண்டாம் சுற்றில், தெரிவான சேர்பியாவின் நிகோலா யோகிச், வேகமின்மையைப் பந்து கடத்தும் திறனால் ஈடுசெய்து, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் மிகச் சிறந்த வீரரானார். ஆனால் லோபஸுக்கு அந்த மாற்றத்தைச் செய்ய எட்டு ஆண்டுகால வருமானமும் பாதுகாப்பும் இருந்தன. யோகிச் தொழில்முறைப் போட்டிகளில் ஏற்கெனவே ஆடித் தேறியவர். பாடசாலையிலிருந்து நேரே வந்த சத்னத்துக்கு இரண்டுமே இல்லை.

டலஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜன்ட்ஸ் அணியில் இரண்டு பருவங்கள் சொற்ப நிமிடங்களே ஆடக்கிடைத்த நிலையில், என்.பி.ஏ.யின் முறையான ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்காமல் 2017 இல் அவர் அங்கிருந்து விலகினார். பின்னர் கனடாவின் செயின்ட் ஜோன்ஸ் எட்ஜ் அணியில் ஆடினார். இந்திய அணிக்கும் திரும்பினார். 2019 தெற்காசிய விளையாட்டு விழாவுக்கான பயிற்சி முகாமின்போது நடந்த ஊக்கமருந்துப் பரிசோதனையில் தடைசெய்யப்பட்ட ஹைஜெனமின் என்னும் பொருள் கண்டறியப்பட்டதால் இரண்டு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2021 இல் அமெரிக்காவின் ஏ.இ.டபிள்யூ. மல்யுத்த நிறுவனத்தில் ஒப்பந்தமாகி, அடுத்த ஆண்டு அதன் மேடையேறினார். கூடைப்பந்து வேண்டாம் என்று சொன்ன உடலமைப்பை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருந்தது.

தென்னகத்தில் வேறொரு வழி உண்டு. கேரளத்தின் கோட்டயத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ், ஆறடிக்கு மேற்பட்ட உயரமுள்ள சென்டர். சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட தெற்கு ரயில்வேயின் ஊழியராகவும் அதன் அணியின் தூணாகவும் இருந்தவர். அவுஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹோக்ஸ் அணியில் ஆடிய அவரை 2011 இல் அமெரிக்கப் பெண்கள் தொடரின் மூன்று அணிகள் தேர்வுக்கு அழைத்தும் இடம் தரவில்லை. இருப்பினும் திரும்பி வந்தபோது ரயில்வே வேலை அவருக்காகக் காத்திருந்தது. வேலையோடு விளையாட்டைச் சேர்த்துத் தரும் இந்த ஏற்பாடு இலங்கையிலும் ஆயுதப் படைகளிலும் வங்கிகளிலும் நிலவுகிறது. செலான் வங்கி அணிக்காக ஆடிய தர்ஜினி சிவலிங்கமும் அதன் வழியே நின்றவர்தான்.

யாழ்ப்பாண மாவட்டத்தின் புன்னாலைக்கட்டுவன் பகுதியைச் சேர்ந்த தர்ஜினியின் உயரம் ஏறத்தாழ 208 சென்றிமீற்றர். உள்நாட்டுப் போர் முடிவுற்ற 2009 ஆம் ஆண்டில் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோதும், ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் 2018 இல் சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் அணியை 69–50 என வீழ்த்தி அதை மீட்டபோதும் கோல் எய்பவராக நின்றவர் அவரே. மெல்பேர்னின் சிட்டி வெஸ்ட் ஃபல்கன்ஸ் அணியும் அவரைச் சேர்த்துக்கொண்டது.

கூடைப்பந்து உயரமானவரை வெளியே இழுத்ததென்றால், வலைப்பந்தின் விதிகள் அவரை வளையத்தடியிலேயே காத்தன. எழுவருக்கும் மைதானத்தில் தனித்தனி எல்லைகள் வகுக்கப்பட்டிருப்பதால் கோல் எய்பவர் மைதானம் முழுவதும் ஓடவேண்டியதில்லை, 4.9 மீற்றர் ஆரையுள்ள அரைவட்டத்துக்குள் நின்று எறிய இருவருக்கு மட்டுமே உரிமை உண்டு. பந்தைப் பிடித்தவருக்கு எதிரே நிற்கும் தடுப்பாளர் மூன்றடி, அதாவது 0.9 மீற்றர், விலகி நிற்கவேண்டும். எவ்வளவு தொலைவிலிருந்து போட்டாலும் ஒரு கோலுக்கு ஒரு புள்ளிதான். ஆகவே எவர் கையும் எட்டாத உயரத்தில் பந்தை ஏந்தி, மூன்று விநாடிகளுக்குள் கிட்டத்திலிருந்து போடும் தர்ஜினியைத் தடுப்பதற்கு எதிரணிகளுக்கு இருந்த சிறந்த உபாயம், பந்து அரைவட்டத்துக்கு வந்து சேரும் முன்பே வழிமறிப்பதாகும். வலிமை மிக்க அணிகள் அதை நன்றாகவே செய்தன. 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்களுடன் தர்ஜினி முதலிடம் பெற்றார். இலங்கை அணியோ பதினாறு நாடுகளில் பதினைந்தாம் இடத்தில் முடித்தது. உயரத்தைப் புகழ்வோர் முதல் எண்ணையும், உயரத்தை மட்டும் நம்பியதாக அணியைக் குறைகூறுவோர் இரண்டாவது எண்ணையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். பந்தை முன்னே கொண்டுசேர்க்கும் நடுவரிசையையும் எதிரணியின் கோல்களைத் தடுக்கும் பின்வரிசையையும் அதே தரத்துக்கு வளர்க்காமல் ஒருவரைச் சுற்றி அணியைக் கட்டியதன் விளைவே இந்த முரண் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

மாத்தளை, கலேவெல, நாவுல, வில்கமுவ ஆகிய கல்வி வலயங்களின் மாணவியருக்கும் வலைப்பந்தில் முன்னேற வலய மட்டம், மாகாண மட்டம், அகில இலங்கை மட்டம் என்ற படிவரிசை திறந்திருக்கிறது. ஆனால் உயரம் பிறப்பால் மட்டும் வருவதில்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறங்களில் அவ்வீதம் ஏறத்தாழ 32. ரத்தோட்டை, உக்குவளைப் பகுதிகளின் தோட்டங்களை உடைய மாவட்டத்துக்கு இவ்வெண் அந்நியமானதன்று. அங்கே ஓர் உயரமான பிள்ளையைத் தேடும் பயிற்றுநரின் பணி, மைதானத்துக்கு வெகு முன்பே, சத்துணவு வழங்கும் தாய் சேய் நிலையத்தில் தொடங்கிவிடுகிறது.

வலைப்பந்தும் இப்போது கூடைப்பந்து சென்ற வழியை எட்டிப்பார்க்கிறது. அவுஸ்திரேலியாவின் சூப்பர் நெட்போல் தொடர் 2020 இல், ஒவ்வொரு கால்பகுதியின் இறுதி ஐந்து நிமிடங்களிலும் அரைவட்டத்தின் வெளிவிளிம்பை ஒட்டிய பகுதியிலிருந்து போடப்படும் கோலுக்கு இரண்டு புள்ளிகள் வழங்கும் விதியைக் கொண்டுவந்தபோது, வளையத்தடியில் நின்று எறியும் உயரமானவர்களின் மதிப்பைக் குறைக்கவே அது வந்திருக்கிறது என்ற எதிர்ப்புக் கிளம்பியது. 2023 இல் கேப் டவுனில் நடந்த உலகக் கிண்ணத்தில் அவ்விதி சேர்க்கப்படவில்லை.