வெள்ளைச் சீருடை உரிமம் ஆகாது

மலாக்காவின் தங்கா பத்து வட்டாரத்திலும் தோட்டப்புறங்களிலும் பிள்ளைகளைத் தனியார் பள்ளியிலோ பாலர் பள்ளியிலோ சேர்க்கும் பெற்றோர் பலர், கட்டணத்தையும் பேருந்து வசதியையும் துருவித் துருவி விசாரிக்கிறார்களே தவிர, பிள்ளைக்கு மருந்து கொடுக்கவும் இன்ஹேலரைப் பிடித்துவிடவும் அங்கே அமர்த்தப்பட்டிருப்பவர் பதிவுபெற்ற தாதிதானா என்று கேட்பதில்லை. வெள்ளைச் சீருடை அணிந்த எவரையும் ‘மிசி’ என்றழைத்து நம்பிவிடும் பழக்கமே இக்கவனக்குறைவின் வேர்.

மலேசியாவில் தாதிமைத் தொழிலை நெறிப்படுத்துவது 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டமாகும். லெம்பாகா ஜூருராவாட் மலேசியா எனப்படும் தாதியர் வாரியம் ஏற்ற பயிற்சியை முடித்து, அதன் தேர்வில் தேறி, பதிவேட்டில் பெயர் ஏறியவரே பதிவுபெற்ற தாதி. ஆயினும் பதிவு மட்டும் போதாது. பணிபுரிவதற்கான ஆண்டுத் தொழிற்சான்றிதழை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அது டிசம்பர் 31ஆம் நாளோடு காலாவதியாகிவிடும். முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழோ, பராமரிப்பாளர் சான்றிதழோ அதற்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் படித்துப் பதிவு பெற்றவரும், இங்குள்ள வாரியத்தின் அனுமதியின்றித் தாதியாகப் பணியாற்ற இயலாது.

அரசாங்கத் தமிழ்ப்பள்ளிகளின் நிலை வேறு. அங்கே நிரந்தரத் தாதி இருப்பதில்லை. 1967இல் தொடங்கிய பள்ளிச் சுகாதாரச் சேவையின்கீழ் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கின் குழுவே பள்ளிக்கு வருகிறது. முதலாம் ஆண்டில் போடப்படும் தடுப்பூசிக்கும், 2010 முதல் இடைநிலைப்பள்ளியில் பதின்மூன்று வயது மாணவியருக்குப் போடப்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கும் பெற்றோரின் ஒப்புதல் பாரம் தேவை. அப்பாரத்தைப் படிக்காமலே கையொப்பமிடுவதும், புத்தகப்பையிலேயே மடங்கிக் கிடக்க விடுவதும் ஒரே தவறின் இரு முகங்கள். ஒவ்வாமை இருப்பின் பாரத்தில் எழுத வேண்டும். ஊசி போடும் நாளில் பிள்ளை பள்ளிக்கு வராவிடில், பிள்ளையைக் கிளினிக்கிற்கே அழைத்துச் சென்று தவறிய ஊசியைப் போட வேண்டும்.

தனியார் பள்ளியில் செய்ய வேண்டியது எளியது. சேர்க்கையின்போதே தாதியின் ஆண்டுத் தொழிற்சான்றிதழைக் காட்டக் கோரி, பெயர், பதிவு எண், செல்லுபடியாகும் ஆண்டு ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, ஐயம் இருப்பின் புத்ராஜெயாவில் சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் தாதியர் வாரியத்திற்கு எழுத்து மூலம் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். சான்றிதழைக் காட்ட மறுத்தால், வாரியத்திடமோ அமைச்சின் சிஸ்பா எனும் இணையப் புகார் முறையிலோ புகார் செய்யலாம். ‘இது கல்வி இலாகாவின் வேலை’, ‘இல்லை, சுகாதார இலாகாவின் வேலை’ என்று முகப்புக்கு முகப்பு அலைக்கழிக்கும் அதிகாரிகளுக்கு வாய்மொழிப் புகார் மிக வசதியானது. ஆகவே புகார் எழுத்தில் இருக்க வேண்டும், தேதி இருக்க வேண்டும், பெற்றுக்கொண்டதற்கான சான்று கையில் இருக்க வேண்டும்.

ஒருமுறை பார்த்துவிட்டோம் என்று இருந்துவிடலாகாது. ஜனவரி பிறந்ததும் மீண்டும் கேட்க வேண்டும். சென்ற ஆண்டுச் சான்றிதழ் இவ்வாண்டுக்குச் செல்லாது.