மின்சாரம் பழகு – 9: பிளக்கைப் பிடுங்கிய பிறகு

சென்ற வாரம் வோல்டேஜ் அளந்தோம். அதற்குச் சப்ளை இருந்தாக வேண்டும். ரெசிஸ்டன்ஸ் அளக்கும்போதோ அதே சப்ளை இருக்கவே கூடாது. மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பியதும், அது தன் பேட்டரியிலிருந்து ஒரு சிறு கரண்டைத் தானே அனுப்புகிறது. அப்போது இரண்டு ப்ரோபுக்கும் நடுவே எவ்வளவு வோல்டேஜ் வருகிறது என்று பார்த்து, வகுத்து, விடையைத் திரையில் காட்டுகிறது. கியோர்க் ஓம் 1827-இல் புத்தகமாக வெளியிட்ட அதே கணக்குதான். அங்கே வேறு கரண்ட் இருந்தால் வரும் எண் பொய். 230 வோல்ட் இருந்தால் மீட்டரே போய்விடலாம். மலிவான மீட்டர் கையிலேயே வெடிக்கவும் கூடும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலில் சுவிட்ச் போட்ட வீடுகள் உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பிடுங்கிய பிறகும் ஒரு ஆபத்து மிச்சமிருக்கிறது. டிவியின் பவர் சப்ளை போர்டில் நிற்கும் பெரிய கப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி தேங்கியிருக்கும். 230-இன் உச்சம் அது, 1.414-ஆல் பெருக்கினால் வரும். அதை வடிக்க வைத்திருக்கும் ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் வெகுநேரம் அப்படியே இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பொறி பறக்கும், போர்டும் கெடும். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு ஒயர்களையும் இன்சுலேஷன் உள்ள இடத்தில் பிடித்து, கப்பாசிட்டரின் கால்களில் தொட்டால் வடிந்துவிடும். டிசி வோல்ட் ரேஞ்சில் பூஜ்ஜியம் என்று பார்த்த பிறகே ஓம் ரேஞ்சுக்கு வாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம். அதன் கப்பாசிட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வேலை செய்வது, ஆளைக் கொன்றுவிடும்.

இனி போர்டில் ஒரு ரெசிஸ்டர். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, தங்கம்: 10 கிலோ ஓம், ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம். மீட்டர் 6 கிலோ ஓம் காட்டுகிறது. கெட்டுவிட்டதா? சொல்ல முடியாது. மீட்டரின் கரண்ட் அந்த ரெசிஸ்டர் வழியாக மட்டுமா போகிறது? பக்கத்தில் இருக்கும் மற்ற பாகங்கள் வழியாகவும் சுற்றிப் போகும். பாதை கூடினால் ரெசிஸ்டன்ஸ் குறையத்தான் செய்யும், கூடாது. ஆகவே 15 கிலோ ஓம் காட்டினால் ரெசிஸ்டர் போய்விட்டது என்று அங்கேயே சொல்லிவிடலாம். குறைவாகக் காட்டினால் ஒரு காலின் சால்டரை உருக்கித் தூக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். ப்ரோபை மாற்றி வைத்ததும் எண் மாறுகிறதென்றால், வழியில் டையோடோ டிரான்சிஸ்டரோ இருக்கிறது. மெகா ஓம் அளவுகளில் இரண்டு முனைகளையும் விரலால் அழுத்திப் பிடித்தால் நம் உடம்பும் ஒரு பாதையாகிவிடும்.

வீட்டில் எல்லோரும் செய்து பார்க்க வேண்டிய சோதனை அயர்ன் பாக்ஸ்தான். 1000 வாட் பெட்டி என்றால் 230-ஐ 230-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள்: சுமார் 53 ஓம். பிளக்கின் இரண்டு சிறிய பின்களில் ப்ரோபை வைத்தால் அதை ஒட்டிய எண் வர வேண்டும். ‘ஓஎல்’ (மீட்டரின் வரம்பைத் தாண்டிவிட்டது, அதாவது கரண்ட் போகப் பாதை இல்லை) என்று வந்தால், காயில் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் தெர்மோஸ்டாட் குமிழைத் திருப்பிப் பாருங்கள். அது ஆஃபில் இருந்திருக்கும். நைக்ரோம் கம்பி சூடானாலும் ரெசிஸ்டன்ஸ் அதிகம் ஏறாது என்பதால் ஆறிய பெட்டியிலேயே கணக்கு ஒத்துவருகிறது. குண்டு பல்பில் ஒத்துவராது. 60 வாட் பல்பு எரியும்போது ஏறக்குறைய 880 ஓம்; ஆறிய பிறகு அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உயிரைக் காப்பது அடுத்த இரண்டு அளவுகள். முதலில் ப்ரோப்களை ஒன்றோடொன்று தொடுங்கள். 0.3 ஓம் போல ஒரு எண் வரும். அது ஒயரின் ரெசிஸ்டன்ஸ், கழித்துவிடுங்கள். இப்போது தடித்த எர்த் பின்னுக்கும் பெட்டியின் வெளி உலோகத்துக்கும் நடுவே ஒரு ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். வராவிட்டால் எர்த் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பிறகு, குமிழ் ஆனில் இருக்கும்போதே, சிறிய பின் ஒவ்வொன்றுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே ‘ஓஎல்’ வர வேண்டும். ஏதாவது எண் வந்தால் பாடிக்கு லீக் ஆகிறது. சரிசெய்யும்வரை அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.

‘ஓஎல்’ வந்தாலும் முழுதாக நம்பிவிட முடியாது. மல்டிமீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். அதற்குத் தாங்கும் இன்சுலேஷன் 230 வோல்ட்டில் கைவிடலாம். அதைக் கண்டுபிடிக்க 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும் மெகர் வேண்டும். அடுத்த வாரம் அதைக் கையில் எடுப்போம்.