மலைப்படி இறங்கும்போது கால் ஏன் நடுங்குகிறது?

பழநி மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கிப் பாருங்கள், முழங்கால் வெடவெடக்கும். ஏற்றத்தில் இல்லாத நடுக்கம் இறக்கத்தில் எப்படி வந்தது?

இறங்கும் ஒவ்வொரு படியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கி, பிரேக் பிடிக்கிறது. பழக்கமில்லாத கால்களுக்கு இது பெரிய தண்டனை.

தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் இழுக்கும்போது, சக்கரத்துக்குக் கட்டை போடுபவர் விலகி நிற்க வேண்டும். காலிலும் அப்படித்தான். முன்தொடை இறுகினால் பின்தொடை தளர வேண்டும். இதற்குச் சைகை காட்டுவது தண்டுவடம். மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் உருண்டிருப்போம்! இந்த ஏற்பாட்டை விளக்கியவர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்பணு ஆய்வுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றவர்.

சரி, தசை களைத்தால்?

களைத்த தசையில் சேரும் வேதிப்பொருள்களை மோப்பம் பிடிக்கும் நுண்நரம்புகள் தண்டுவடத்துக்குப் புகார் அனுப்புகின்றன. தசையின் நீளத்தை அளந்து சொல்லும் உணர்விகளின் தகவலும் மங்குகிறது. சைகை தடுமாறுகிறது.

மறுபடி தேருக்கு வருவோம். முன்தொடையின் தசையிழைகள்தாம் வடம் பிடிப்பவர்கள். அவர்கள் ஒரே சீராக இழுக்காமல் கும்பல் கும்பலாக வெட்டி இழுக்கிறார்கள். கட்டை போடுபவரான பின்தொடையும் முழுதாக விலகுவதில்லை. இழுப்பு, தளர்வு, மறுபடி இழுப்பு. வினாடிக்குச் சுமார் பத்து முறை. அந்த ஆட்டத்தைத்தான் நீங்கள் நடுக்கம் என்கிறீர்கள்.

அடுத்த முறை கால் வெடவெடத்தால் கைப்பிடியைப் பிடித்துச் சில நிமிடம் நில்லுங்கள். தசையில் சேர்ந்த வேதிப்பொருள்களை ரத்தம் அள்ளிப்போனதும் நடுக்கம் தணியும்.