பழைய கிளட்ச், புதிய லைனிங்
பிளைமவுத் ரோட் ரன்னர் காரின் கிளட்ச்
அமெரிக்கா, 1968

கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளைமவுத் பிராண்டில் 1968 மாடலாகக் குறைந்த விலையில் கொண்டுவந்த அதிவேகக் கார் ரோட் ரன்னர். அதன் 6.3 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின் 335 குதிரைத்திறன் கொண்டது. அந்தத் திறனைக் கியர்பெட்டிக்குக் கடத்துவதும், கியர் மாற்றும்போது துண்டிப்பதும் கிளட்சின் வேலை.

பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. சுருள் ஸ்பிரிங்குகள் அதை அழுத்திப் பிடிக்கின்றன. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் மூன்று நெம்புகோல்களைத் தள்ளும்; பிரஷர் பிளேட் பின்வாங்கி, பிடி தளரும்.

தேய்ந்த கிளட்சைப் புதுப்பிக்கும்போது, கிளட்ச் பிளேட்டின் பழைய ரிவிட்டுகளை அகற்றி, உராய்வு தரும் லைனிங்கைப் புதிதாகப் பொருத்துவார்கள். பிளைவீல், பிரஷர் பிளேட் ஆகியவற்றின் முகங்களைக் கடைந்து சமன் செய்வார்கள். தளர்ந்த ஸ்பிரிங்குகளை மாற்றுவார்கள். மூன்று நெம்புகோல்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். இல்லையெனில் கார் கிளம்பும்போது அதிரும்.

புதிய கிளட்ச் வாங்குவது எளிது. ஆனாலும் தொழிற்சாலை பொறித்த எண்களுடன் உள்ள அசல் பாகமே அந்தக் காரின் வரலாற்றுக்குச் சான்று. அதைக் காப்பாற்றவே இந்த உழைப்பு.

எச்சரிக்கை: அக்கால லைனிங்கில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். பழைய கிளட்சைப் பிரிப்பவர்கள் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது.