பாட்டுக்குக் கடைசி மெருகு

பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் ஒரு மலைப்பாதையில் அடுக்கம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பஜனைக் கோஷ்டி தன் பாட்டைப் பதிவு செய்து உலகத்துக்கு அனுப்ப விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குரல் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரும் இருக்கிறது. சென்னை ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

என்ன செய்வது?

குரல், ஆர்மோனியம், தபலா எல்லாவற்றையும் அளவாகச் சேர்ப்பது ஒரு வேலை. சேர்த்த பாட்டை வெளியே விடுமுன் ஓசையைச் சீர்படுத்துவது இன்னொரு வேலை. இதற்குத்தான் 'மாஸ்டரிங்' என்று பெயர்.

மெழுகுத் தட்டு

இசைத்தட்டுக் காலத்தில் இதற்காகப் பெரும் பாடு பட்டார்கள். பாடகர் பாடப் பாட, ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அரக்குத் தட்டுகளை அழுத்தி எடுப்பார்கள். கல்கத்தாவில் 1908-ல் இப்படி ஓர் ஆலை வந்தது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டில், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் பாடலாம். முழக்கம் அளவு மீறினால் ஒரு கோடு அடுத்த கோட்டில் முட்டிவிடும். பிறகு வேறு மெழுகுதான்!

இன்று அந்தத் தொல்லை இல்லை. 2000-ல் வெளிவந்த 'ஆடாசிட்டி' என்ற சாதனம் கம்ப்யூட்டரில் இலவசமாகவே கிடைக்கிறது. ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் அளக்கவும் அதில் வசதி உண்டு.

சத்தம் போட்டால் போதுமா?

புதிதாக இறங்குகிறவர்கள் செய்கிற முதல் காரியம், பாட்டை முடிந்த மட்டும் சத்தமாக்குவது. அது வீண் வேலை. 'ஸ்பாட்டிபை' போன்ற நிலையங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிக்க விடுகின்றன. ஸ்பாட்டிபை சொல்லும் அளவு, 'லஃப்ஸ்' கணக்கில் மைனஸ் 14. மைனஸ் 8-ல் பாட்டை அனுப்பினால், 6 டெசிபல் குறைத்துவிடுவார்கள். சத்தமும் மிஞ்சாது. நசுக்கிய தபலா நசுங்கியதுதான்.

மலையூருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சில்வண்டு! ஓசையை நெருக்கித் தூக்கும்போது, பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் அதுவும் சேர்ந்து எழும்பும். பிறகு அதை வடிகட்டப் போனால் குரலின் பளபளப்பும் போய்விடும். ஆகவே, பதிவு நடக்கும்போதே ஜன்னலைச் சாத்தி, சுவரில் கம்பளியைத் தொங்கவிட்டு, மைக்குக்கு அருகில் நின்று பாடுவது நல்லது. இதற்கு என்ன செலவு?

காதுதான் கருவி

விலை உயர்ந்த ஒலிபெருக்கி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். யமாஹா கம்பெனி 1978-ல் என்.எஸ்.10 என்ற ஒலிபெருக்கியை வீட்டு உபயோகத்துக்காக விற்றது. வீடுகளில் அதற்கு மதிப்பில்லை. ஸ்டூடியோக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். குறைகளை அது மறைக்கவில்லை என்பதே காரணம்!

பாட்டை ஓர் இரவு ஆறப்போட்டு, மறுநாள் கேட்க வேண்டும். செல்போனில், காதுக் கருவியில், ஜீப்பில் என்று மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். நல்ல பெயர் வாங்கிய பாட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே சத்தத்தில் ஒப்பிட வேண்டும். சொற்கள் எங்கும் தெளிவாகக் கேட்டால், உச்ச அளவு மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்து முடித்துவிடலாம்.

மெருகேற்றாத மூலப் பதிவை மட்டும் அழிக்கக் கூடாது. ஒரு பிரதி அடுக்கத்தில் இருக்கட்டும். இன்னொன்று கீழே பெரியகுளத்தில், உறவுக்காரர் வீட்டில் இருக்கட்டும்.