பேயுமல்ல, கோழைத்தனமுமல்ல!

அத்திப்பட்டிலே தெருமுனைக் கூட்டம். பேசி முடித்து மேடையைவிட்டு இறங்கினேன். கூட்டம் கலைந்தது, கொடிகளைச் சுருட்டினர் தோழர்கள். இருவர் மட்டும் போகாமல் நின்றனர். ஒருவர் துறைமுகத்துக்குச் சரக்கு லாரி ஓட்டுபவர். நம் பழைய தொண்டர். மற்றவன் அவர் மகன், கல்லூரியிலே முதலாண்டு. அந்தக் குடும்பத்திலே கல்லூரி வாயிலை மிதித்த முதல் பிள்ளை!

"தம்பி, பத்து நாளா இவன் காலேஜுக்குப் போவ மாட்டேன்றான், கேட்டா அழுவுறான்" என்றார் தந்தை.

பையன் தலை கவிழ்ந்தபடி சொன்னான். காலை வண்டியிலே நெரிசல். எண்ணூரைத் தாண்டியதும், காரணம் எதுவுமின்றி நெஞ்சு படபடத்தது; விரல்கள் மரத்தன; தொண்டை அடைத்தது; கண் இருண்டது. "செத்துடுவேன்னு தோணுச்சுண்ணே!" கத்திவாக்கத்திலே இறங்கி ஓடினான். பிளாட்பாரத்துப் பெஞ்சிலே அரை மணி நேரம் கிடந்தான். பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. மறுநாள் நிலையத்துப் படியேறும்போதே மீண்டும் அந்த நடுக்கம். அன்றோடு நின்றது பயணம்.

தாய் சொல்கிறார், காத்துக் கறுப்பு என்று. தெருவார் சொல்கிறார்கள், படிப்புக்கு அஞ்சி நடிக்கிறான் என்று. தந்தையோ என்னிடம் கேட்டார்: "ஆம்பளப் புள்ள இப்டி பயப்படலாமா? நீங்க எத்தினி மேடை ஏறினவரு... கொஞ்சம் புத்தி சொல்லுங்க!"

புத்தி சொல்லவா? நானா? தோழர்களே, எந்த மேடையிலும் சொல்லாத ஒன்றை இன்று சொல்லுகிறேன்.

2007 மார்ச். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. வினாத்தாளைப் பிரித்தேன். படித்த கேள்விகள்தாம்! ஆனால், எழுத்துகள் நீந்தின, இதயம் எகிறிக் குதித்தது, மூச்சு எட்டவில்லை. இது மரணம் என்றே எண்ணினேன். பேனாவைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். மருத்துவர் ஒருவர் ஈ.சி.ஜி. எடுத்தார். "இதயத்திலே ஒன்றுமில்லை, போ" என்றார். ஒன்றுமில்லை என்றால், எனக்கு வந்தது என்ன? அதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்து அழைத்துப்போனது மந்திரவாதியிடம். வேப்பிலை அடித்தார், கயிறு கட்டினார், காசு வாங்கினார். துணைத்தேர்வு வந்தது, நான் போகவில்லை. தேர்வு மண்டபம் இருந்த தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டு நடந்தேன். அதோடு முடிந்தது என் படிப்பு!

முடித்தது யார்? பேயா? இல்லை! என் கோழைத்தனமா? இல்லை, இல்லை! அறியாமை தோழர்களே, அறியாமை!

அந்த நோய்க்குப் பெயர் உண்டு. பீதித் தாக்கு என்கிறார்கள். 1980-இலேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலே அதைத் தனி நோயாகச் சேர்த்துவிட்டது. எனக்கு அது வந்தபோது அந்தப் பெயருக்கு வயது இருபத்தேழு. அத்திப்பட்டுக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை!

ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலை ஆயத்தமாக்கும் ஏற்பாடு நம் அனைவருக்கும் உண்டு. உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ஆம் ஆண்டு நூலிலே இதை விளக்கினார். அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்திலே பாய்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு விரைகிறது. மாடு முட்டவரும்போது இது நம்மைக் காக்கும் காவலன். ஆனால், மாடு இல்லாதபோதே அந்த ஏற்பாடு கிளம்பிவிட்டால்? ஆலையிலே நெருப்பு இல்லை. ஆனால் அபாயச் சங்கு ஊதிவிட்டது! அதுதான் பீதித் தாக்கு. ஊதியது பொய்ச் சங்கு. ஆனால் காதிலே விழுந்த ஓசை மெய். பையன் நடிக்கவில்லை. அவன் உடல் மெய்யாகவே ஓட்டத்துக்கு ஆயத்தமாகிவிட்டது. ஓடுவதற்குத்தான் காரணம் இல்லை.

விரல் மரத்ததேன்? அளவுக்கு மீறி மூச்சு விட்டதால் இரத்தத்திலே கரியமில வாயு குறைந்தது. ஆகவே மரத்தது, தலை சுற்றியது. சாவு நெருங்கிவிட்டதாகத் தோன்றியதேன்? 1986-இலே டேவிட் கிளார்க் என்ற உளவியல் அறிஞர் அந்தச் சுழலை விளக்கினார். நெஞ்சு அடிக்கிறது, 'மாரடைப்பு' என்று மனம் தவறாகப் படிக்கிறது, அச்சம் மிகுகிறது, அச்சத்தால் நெஞ்சு இன்னும் அடிக்கிறது. செக்கு மாடுபோல் சுற்றிச் சுற்றி வருகிறது. எனினும் அந்தச் சுற்றுக்கும் முடிவு உண்டு. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு, அலைபோல் தானே இறங்கிவிடும்.

கோழைக்குத்தான் வருமா இது? அமெரிக்க உள்நாட்டுப் போரிலே பீரங்கிக்கு எதிரே நின்ற சிப்பாய்கள், நெஞ்சு படபடப்பு, மூச்சுத்திணறல் என்று மருத்துவமனைக்கு வந்தனர். இதயத்திலே பழுது இல்லை! டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-இலே அதை எழுதிவைத்தார். அவர்களைக் கோழை என்பாரா எவரேனும்? பதற்ற நோய்களோடு வாழ்ந்தோர் 2019-இலே உலகெங்கும் 30 கோடியே 10 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களிலே 5 கோடியே 80 லட்சம் பேர் சிறுவரும் வளரிளம் பருவத்தினரும்!

ஒன்றை மறவாதீர். நம் வடசென்னையிலே மூச்சுத்திணறல் எல்லாம் மனத்தால் வருவதல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவிலே எண்ணூர்ப் பெரியகுப்பத்திலே அமோனியா கசிந்து மக்கள் மூச்சு முட்டி ஓடினரே, அது காற்றிலே கலந்த நஞ்சு! ஆகவே முதல்முறை நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால், முதலிலே மருத்துவரிடம் செல்க. ஆஸ்துமா, இரத்தசோகை, தைராய்டு, இதயம் எல்லாம் பார்க்கட்டும். உடலிலே பழுதில்லை என்றால், "ஒன்றுமில்லை" என்று வீடு திரும்பாதீர், "அப்படியானால் இது என்ன?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் என் கதை வேறு!

தாக்கு வந்தால் செய்வது என்ன? இருந்த இடத்திலேயே இரு. மூச்சை மெல்ல உள்ளே இழு. அதைவிட மெல்ல, நீளமாக வெளியே விடு. "இது பொய்ச் சங்கு, அடங்கிவிடும்" என்று உனக்கு நீயே சொல். இரவெல்லாம் விழித்து, டீக்கு மேல் டீ குடித்துப் படிக்காதே. உறக்கமின்மையும் காபி, டீயும் பதற்றத்தைத் தூண்டும். மருந்துக்கடையிலே தூக்க மாத்திரை கேட்டு நிற்காதே. பக்கத்திலே இருப்போர் சூழ்ந்து நிற்க வேண்டாம், உலுக்க வேண்டாம், ஒருவர் மட்டும் அருகே அமர்ந்து, அமைதியாகப் பேசினால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடாதே! ஓடினால் அப்போதைக்கு ஆறுதல். ஆனால் அந்த இடத்தின்மீது அச்சம் வளர்கிறது. இன்று ரயில், நாளை கடைத்தெரு, மறுநாள் வீட்டு வாசல்! என் முதல் மேடையிலே கால் நடுங்கி இறங்கப் பார்த்தேன். இராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளி ஒருவர், முதிய தோழர், காதோரம் சொன்னார்: "நடுங்குனா நடுங்கட்டும்பா, எறங்கிடாத. நின்னுக்கினே பேசு!" நின்றேன். நடுக்கம் அடங்கிற்று. மருத்துவர்கள் பயிற்சியாகத் தருவதை அவர் அனுபவத்தால் தந்தார்.

மனநல மருத்துவர் என்றதும் "கீழ்ப்பாக்கமா?" என்று கேலி பேசும் வாய்கள் உண்டு. அந்தக் கேலி பல பிள்ளைகளின் படிப்பைத் தின்றிருக்கிறது. காசநோய்க்கு மருந்து சாப்பிட வெட்கமில்லை. இதற்கு மட்டும் ஏன்? பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. தேவையானால் மாத்திரையும் உண்டு. பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலே மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணிலே, கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரிலே தொடங்கிய சேவை அது. பொதுத்தேர்விலே முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தை 2017-இலே தமிழ்நாடு கைவிட்டது. நல்லது! ஆனால், "பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை மார்க்?" என்று நாம் இன்னும் கேட்கிறோமே, அதை எந்த அரசாணை நிறுத்தும்?

அந்தப் பையனிடம் இவ்வளவும் சொன்னேன். மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் சொன்னபடி, முதலிலே தந்தையும் மகனும் அத்திப்பட்டிலே ஏறி அடுத்த நிலையமான புதுநகரிலே இறங்கினார்கள், அவ்வளவுதான். சில நாள் கழித்து எண்ணூர்வரை. பிறகு கத்திவாக்கத்தையும் தாண்டி. இப்போது தனியே போகிறான். "இன்னும் அந்த எடத்துல நெஞ்சு அடிக்குதுண்ணே, ஆனா எறங்குறதில்ல" என்றான் சென்ற வாரம்.

தோழர்களே! கொடி கட்டவும் சுவரொட்டி ஒட்டவும் தெரிந்த நமக்கு, இதுவும் தெரிந்திருக்க வேண்டும். படிப்பகத்திலே உரக்கப் படியுங்கள், டீக்கடையிலே பேசுங்கள். உங்கள் தெருவிலே, படிப்பை நிறுத்திவிட்டு, காரணம் சொல்ல வெட்கி, ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். அவன் தோளிலே கை வையுங்கள். "எனக்கும் தெரியும் தம்பி; இது பேயுமல்ல, கோழைத்தனமுமல்ல" என்று சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்ல அன்று ஆளில்லை. அவனுக்கு நாம் இருக்கிறோம்!