ஐந்து பேர் கையெழுத்து

திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒட்டி, அடி அண்ணாமலையில் எனக்குப் பெயிண்ட் கடை. பௌர்ணமி வந்தால் 14 கிலோமீட்டருக்கும் ஜனம், வழியெல்லாம் அன்னதானம். மற்ற நாளில் கடைக்கு வருவோரில் பலர் முகாம்காரர்கள். எங்கள் ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே ஆண்களுக்குப் பெரும்பாலும் பெயிண்ட் வேலைதான். பட்டி பார்ப்பதில் அவர்கள் கை தனி. கடன் சொன்னால் சனிக்கிழமை கூலி வாங்கியதும் கொடுத்துவிடுவார்கள்.

அவர்களில் மன்னாரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், டிஸ்டெம்பர் வாளியைத் தூக்கிக்கொண்டே, "அண்ணை, என்ர மச்சான் கனடாவில. முன்பின் தெரியாத வெள்ளைக்காரச் சனம் ஸ்பொன்சர் பண்ணி எடுத்தது" என்றார். சொந்தக்காரர்தானே கூப்பிட முடியும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அங்கே குடிமக்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு அகதிக் குடும்பத்துக்குப் பொறுப்பேற்கலாம். விமான நிலையத்தில் போய்க் கூட்டிவருவது, வீடு பிடிப்பது, குளிர் உடுப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், டாக்டர், மாதச் செலவு எல்லாம் பெரும்பாலும் 12 மாதத்துக்கு அவர்கள் பாடு. பணம் இருக்கிறதா, திட்டம் இருக்கிறதா என்று அரசு சரிபார்த்த பிறகே அனுமதி. 1979இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகளுக்காகச் சூடுபிடித்த இந்த ஏற்பாட்டில் இதுவரை 3 லட்சம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். தேவாலயங்கள்தான் முதலில் முன்னே நின்றன. 2016இல் பிரிட்டனும் சிரியா அகதிகளுக்காக இதேபோல் ஒன்று தொடங்கியது. விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்ததால், 2024 நவம்பரில் ஐவர் குழுக்களின் புதிய மனுக்களைக் கனடா நிறுத்திவைத்தது. அங்கேயும் எல்லாம் தேனும் பாலுமாக இல்லை.

ஆனாலும் மச்சானுக்கும் பெரியவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஸ்பொன்சரில் போகிறவர் இறங்கும்போதே நிரந்தரக் குடியிருப்பாளர். பெரியவர் 1990இல் படகில் வந்தவர், இன்னும் அகதி. இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை.

ஊர் உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நின்று வேலை செய்தவர்கள் அகதிகளே. இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு, ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகளின் படிப்பைப் பிடித்துக்கொண்டது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் சில ஆண்டுகள் முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு மூடியிருந்தபோதும் அவர்கள் விடவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாம்களுக்கு 317 கோடி ரூபாய் நலத்திட்டங்களை அறிவித்தது; 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதும் அதில் ஒன்று. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் அப்போதுதான் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. குடும்பத் தலைவருக்கு மாத உதவி 1,500 ரூபாய் ஆனது. ஒரு வாளி நல்ல எமல்ஷன் அதைவிட விலை கூடுதல்.

எனக்கு ஒரு ஆதங்கம். அன்னதானப் பந்தல் போட நம் ஊரில் ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் முகாம்காரரின் பெண் நர்சிங் சேர விண்ணப்பம் நிரப்ப, வெளியூர் வேலைக்கு அனுமதி கேட்டு அலுவலகத்துக்குத் துணைபோக யாரும் பந்தல் போடுவதில்லை. தெருவில் நாங்கள் சிலர், ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், மெடிக்கல் ஷாப்காரர், நான், அதைச் செய்துகொண்டிருக்கிறோம். பெரியவரின் பேத்திக்கு இந்த வருஷ ஃபீஸ் கட்டியாகிவிட்டது. பயிற்சி முடித்து வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு மனுப் போட்டால் பாஸ்போர்ட் கேட்பார்கள். முகாமில் பிறந்த பெண், இந்திய பாஸ்போர்ட் கிடையாது. அதற்கு எங்கள் கையெழுத்து செல்லாது, டெல்லி போட வேண்டும்.